கொல்லைக் கோழியின் குலவரலாறு

அரசர் வரலாற்றை எழுதுதற்குப் புலவர் பலர் உளர். கோட்டைகளின் வரலாறும் கோயில்களின் வரலாறும் நம் சங்க மலர்களில் பன்முறை வந்துவிட்டன. நம் வீட்டுக் கொல்லையில் நாள்தோறும் குப்பையைக் கிளறி நிற்கும் கோழியின் வரலாற்றை எழுத முன்வந்தார் எவருமிலர். புகைவண்டி நிலையத்தில் பார்சல் ரசீதும் பேரேடும் எழுதிக் காலங்கழிக்கும் நமக்கு வரலாற்றுப் புலமை உண்டெனச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்போடு நம் படிப்பு முடிந்தது. ஆயினும் குடியிருப்பில் ஒரே வரிசையிலுள்ள நான்கு வீட்டார் ஒன்றுகூடிப் பதினொரு கோழிகளை வளர்த்து வருகிறோம். "இவை எங்கிருந்து வந்தன?" என்று குழந்தைகள் கேட்கத் தொடங்கினர். விடை தேடி நூலகத்துக்கும் பொருட்காட்சிச் சாலைக்கும் நடந்ததன் பயனே இக்கட்டுரை.

எங்கள் பதினொன்றும் ஒரு குலத்தைச் சேர்ந்தவை அல்ல. மூன்று வெள்ளை லெகார்ன்கள். பண்ணையில் முட்டையிடும் காலம் முடிந்து, இறைச்சிக்காகக் கூண்டு வண்டியில் சென்றவற்றை விலைகொடுத்து மீட்டோம். வந்த அன்று கழுத்தில் இறகில்லை, மண்ணில் கால் வைக்க அஞ்சின, கிளறத் தெரியவில்லை. மூன்றாம் வாரத்திலேதான் அவற்றுள் ஒன்று முருங்கை மரத்தடியில் குழி பறித்து மண்குளியல் போட்டது. நான்கு வீட்டுப் பெண்டிரும் வேலையை விட்டுவிட்டு வந்து அதனைப் பார்த்து நின்றனர். சேவல் ஒன்று, கடைத்தெருவில் இளஞ்சிவப்புச் சாயம் தோய்த்துப் பத்து ரூபாய்க்கு விற்ற குஞ்சு அது. கழுத்தில் மயிரில்லாத கிராப்புக் கோழி ஒன்று, கிரிராஜா ஒன்று. எஞ்சிய ஐந்தும் எங்கள் பஞ்சாரத்தடியிலேயே பொரிந்தவை. அவற்றின் நிறத்தையும் கொண்டையையும் கண்டு குலம் சொல்ல யாராலும் இயலாது.

கலப்பினம் என்று இவற்றைச் சிலர் இழிவாகப் பேசுவர். உண்மையில் கலப்பில்லாத கோழி உலகில் எங்கே இருக்கிறது? வீட்டுக்கோழிகள் அனைத்தும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என்று டார்வின் 1868ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். அக்கருத்து பெரும்பாலும் நிலைத்தது. 2020இல் நூற்றுக்கணக்கான கோழிகளின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியான்மர் ஆகிய பகுதிகளில் வாழும் காட்டுக்கோழிக் கிளையே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது என்றனர். 2022இல் தொல்லியலார் தாய்லாந்திலுள்ள பான் நோன் வாட் என்னும் ஊரில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன்னரே கோழி மனிதனை அண்டிற்று என்றும், நெல்லும் தினையும் விளைந்த களங்களே அதனைக் காட்டினின்றும் இழுத்தன என்றும் எழுதினர். தானியத்தை நாடி வந்தது கோழி. பிடித்துக் கூடையில் கவிழ்த்தான் மனிதன்.

ஆனால் கதை அதனோடு முடியவில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் தென்னாட்டுக் காடுகளிலும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி ஒன்று உண்டு. 1770களில் புதுச்சேரிப் பக்கம் வந்து சுற்றிய சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயரையே அறிவியலார் அதற்கு இட்டனர். வீட்டுக்கோழியின் மஞ்சள் நிறத் தோலும் மஞ்சள் காலும் சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, இச்சாம்பல் கோழியின் வழியே வந்தன என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 2008இல் காட்டினர். எங்கள் லெகார்ன்களின் காலைப் பாருங்கள், மஞ்சள். இத்தாலிய நாட்டு லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கி, அமெரிக்கா சென்று, உலகமெங்கும் பரவி, கடைசியில் பெங்களூருக்கு வந்து சேர்ந்த சீமைக்கோழியின் காலில் நம் தென்னாட்டுக் காட்டின் அடையாளம் இருக்கிறது!

இனித் தமிழரிடம் வருவோம். சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையோடு எதிர்த்துப் போரிட்ட சேவலைக் கண்டு, அந்நிலத்தின் வீறறிந்து நகர் அமைத்தனர் என்பது பழங்கதை. முருகன் கொடியில் சேவல் நிற்பது யாவரும் அறிந்ததே. பட்டினப்பாலையில் வரும் காட்சியை நம் பெண்டிர் அறிந்தால் நகைப்பர். காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, அவ்வீட்டுப் பெண் கையில் அகப்பட்ட பொன் காதணியையே வீசி எறிகிறாள். அது கிடந்து, சிறுவர் உருட்டும் மூன்றுருளைத் தேருக்குத் தடையாகிறது. இன்று சவரன் விற்கும் விலையில் நம் கொல்லையில் அங்ஙனம் எவரும் எறிந்து பார்க்கமாட்டார்.

இவை யாவினும் நம் மனத்தைக் கவர்ந்தவர் குறுந்தொகைப் புலவர் ஒருவர். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தலைவியின் துயரத்தைச் சொல்ல வந்தவர், குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகச் சண்டையிட்டு, ஏவுவாரும் விலக்குவாரும் இன்றித் தாமாக ஓய்வதை உவமையாக்கினார். அவ்வுவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். களத்தில் ஏவி விடப்படும் போர்ச்சேவலும், குப்பைமேட்டில் யாருக்கும் வேண்டாத கோழியும் வெவ்வேறு என்பதை அப்புலவர் கண்ணால் கண்டிருக்கிறார். குப்பைக்கோழி வளர்ப்பவர்க்கு நம் இலக்கியத்தில் ஒரு குலமுதல்வர் உண்டெனில் அவர் இவரே.

போர்ச்சேவலுக்கோ கல்லே நட்டனர். விழுப்புரம் பகுதியில் அரசலாபுரம் என்னும் ஊரில் சேவலின் உருவம் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியதென அறிஞர் கணிக்கும் அக்கல்லின் எழுத்து, மேற்சேரியின் சார்பாகப் போரிட்ட சேவலைக் குறிக்கிறது. மதுராந்தகம் பக்கத்து இந்தளூரிலும் அத்தகைய கல் ஒன்று உண்டு; அது கீழ்ச்சேரிக் கோழி. அதன் பெயரையும் எழுதி வைத்தனர், பொற்கொற்றி என்பதாம். ஊரார் எத்தனையோ பேர் பெயரின்றி மறைந்திருக்க, ஒரு சேவலின் பெயர் கல்லில் நிலைத்தது! மேலைச்சேரிக்கும் கீழைச்சேரிக்கும் இருந்த போட்டி அன்றே இத்துணைப் பழமையானது போலும். கன்னட நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. நம் பெங்களூர் கஸ்தூரிபா சாலைப் பொருட்காட்சிச் சாலையில் உள்ள ஆதகூர்க் கல், காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்னும் வேட்டைநாயின் நினைவைத் தாங்கியது, கி.பி. 950ஐ ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்கது.

நிற்க. பெங்களூரில் நம்மவர் குடியேறிய வரலாற்றைப் பிறர் விரிவாக எழுதியுள்ளனர். 1809இல் அல்சூர்ப் பக்கம் படைவீடு அமைந்தது; 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்குப் புகைவண்டி வந்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து படையோடும் கட்டட வேலையோடும் இரயிலோடும் வந்த குடும்பங்களின் மூட்டையில் ஒரு கோழிக்கூடையும் இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்பார்க்கு நம்மிடம் விடையில்லை. ஆங்கிலேயரின் காலை உணவுக்கு முட்டை வேண்டும். நாட்டுக்கோழியோ ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டையிட்டு, இடையிடையே அடையில் உட்கார்ந்துவிடும். ஆகவே சீமைச் சேவல்களைக் கொணர்ந்து நாட்டுப் பேடைகளோடு சேர்க்கும் முயற்சி பல இடங்களில் எழுந்தது.

நம் தமிழகத்தில் அம்முயற்சி ஏழை வீட்டுக் கொல்லைக்குள்ளேயே சென்றது மார்த்தாண்டத்தில். அன்று திருவிதாங்கூர் நாட்டில் இருந்த அவ்வூரில், 1920களில், சேலத்துத் தமிழரான கே. டி. பால் ஊக்குவித்த இளைஞர் கிறித்தவ சங்கத்தின் கிராமச் சீரமைப்பு நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்தினார். தேனீ வளர்ப்பும் அங்கே கற்பித்தனர், கோழியும் வளர்த்தனர். அவர் முறை எளிது. ஊரில் மெலிந்த நாட்டுச் சேவல்களை நீக்கி, அவ்விடத்தில் வெள்ளை லெகார்ன் சேவலை விடுவது. பேடைகள் ஊராருடையவையே, பிறக்கும் குஞ்சுகள் கலப்பு. முட்டைகளைத் தனித்தனியே சந்தைக்குத் தூக்கிச் சென்று வந்த விலைக்கு விற்காமல், ஒன்றுசேர்த்துத் தரம் பார்த்து வெளியூருக்கு அனுப்பி விற்கும் கூட்டுறவும் உண்டாயிற்று. நாம் வேலூருக்குப் போகும்போதெல்லாம் இறங்கும் காட்பாடியிலும் ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த டிவாலோய் என்பவர் நடத்திய வேளாண்மைப் பள்ளி கோழியினத்தைச் சீர்படுத்த உழைத்தது.

கொடுத்ததைப் போலவே கொண்டும் சென்றனர். நம் நாட்டு அசீல் என்னும் போர்ச்சேவல் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. 19ஆம் நூற்றாண்டில் கார்ன்வால் பகுதியில் அதன் குருதியைக் கலந்து, அகன்ற மார்புடைய ஓர் இனத்தை உண்டாக்கினர். அதற்கு இந்தியன் கேம் என்றே பெயர். பின்னர் அமெரிக்காவில் அவ்வினம் கார்னிஷ் எனப்பட்டது. வெள்ளைப் பிளிமத் ராக் என்னும் கோழியோடு கூடி இறைச்சிக்கோழி ஆயிற்று. சிவாஜி நகர் ரஸல் மார்க்கெட்டின் பக்கத்தில் இன்று தொங்கும் பிராய்லர் கோழியின் அகன்ற நெஞ்சு, நம் சண்டைச்சேவல் சீமை சென்று திரும்பிய வரலாறு. சண்டையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

விடுதலைக்குப்பின் இத்துறையில் பெங்களூர் முன்னணியில் நின்றது. 1960ஐ ஒட்டி ஹெஸரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணை தோன்றி, பயிற்சி நிறுவனமும் அங்கே அமைந்தது. காவேரி என்னும் கொல்லைக்கோழி அவ்விடத்ததே. ஹெப்பாளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையினர் 1989இல் கிரிராஜாவை வெளியிட்டனர். பல வண்ண இறகும் பெருத்த உடலும் உடையது. கொல்லையில் மேய்ந்தே ஆண்டுக்கு 130 முதல் 150 முட்டை வரை தரும். ஆயின் ஒரு குறை: அடையில் உட்காரத் தெரியாது. லெகார்னும் அப்படியே. முட்டை பெருக வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் தாய்மை குறைந்தது. எனவே எங்கள் கொல்லையில் கிராப்புக் கோழிதான் எல்லோருக்கும் செவிலித்தாய். கிரிராஜாவின் முட்டையையும் லெகார்னின் முட்டையையும் அதன் வயிற்றடியில் வைக்கிறோம். இருபத்தொரு நாளில் வேற்றுக் குலத்துக் குஞ்சுகளைத் தன் குஞ்சென்றே சிறகில் ஒடுக்கிக்கொள்கிறது. ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையை நீக்குவது எங்கள் பக்கத்து வீட்டுக் கோலார் அஜ்ஜியின் பொறுப்பு. கன்னடத்தில் அவர் முட்டையோடு பேசுவார். எங்கள் பிள்ளைகள் கன்னடம் கற்றதில் பாதி அங்கேதான்.

இன்னொரு பக்கம் பெரும்பண்ணைகள் எழுந்தன. நாமக்கல்லின் முட்டை இன்று நாடெங்கும் செல்கிறது. கூண்டில் அடைத்த உயர்வகைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டைக்கும் மேல் இடும். ஏழை மாணவனின் மதிய உணவில் முட்டை சேர்ந்ததற்கு இப்பண்ணைகளே காரணம் என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் அக்கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் அலுவலகத்தில் எழுதும் ஒரு தாளின் பரப்பினும் குறைவு. சிறகை விரிக்கவும் இயலாது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் முட்டை குறையவே கழிவுக்கோழி என்று விற்றுவிடுவர். முட்டையினத்துச் சேவற்குஞ்சுகளின் நிலை இன்னும் கொடிது. பிறந்த நாளிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்தறியும் முறையை 1920களில் ஜப்பானியர் கண்டனர். அதன்பின் முட்டையும் இடாத, இறைச்சியும் பெருகாத சேவற்குஞ்சு பயனற்றதாயிற்று. பிறந்தவுடன் அழிக்கப்படாமல் தப்பியவற்றுள் சில, சாயம் பூசிப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகத் தெருவுக்கு வருகின்றன. பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறந்துவிடும். எங்கள் சேவல் இறவாமல் வளர்ந்தது; சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்தபோதுதான் அதுவும் லெகார்ன் குலம் என்று தெரிந்தது.

சட்டம் இல்லாமலில்லை. விலங்குவதைத் தடைச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. விலங்குகளை ஏற்றிச் செல்லும் விதிகள் 1978இல் வந்தன. அவற்றில் கோழிகளுக்கென ஒரு பகுதி 2001இல் சேர்ந்தது. 2017இல் சட்டக் குழு தன் 269ஆம் அறிக்கையை முழுவதும் கோழிகளுக்கே ஒதுக்கியது. இருந்தும், கால்களைக் கட்டித் தலைகீழாக மிதிவண்டிக் கைப்பிடியில் தொங்கவிட்ட கோழிகளைக் காணாமல் நாம் ஒரு நாளும் அலுவலகம் சென்றதில்லை.

நோயைப் பற்றிச் சொல்லாவிடில் இவ்வரலாறு நிறைவுறாது. நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் கொள்ளைநோய் வந்தால் இரண்டு நாளில் தெருவெங்கும் கோழி இராது. கழுத்து முறுக்கிக்கொள்ளும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். இமயத்தின் அடிவாரத்துக் குமாவூன் பகுதியில் இராணிக்கேத் என்னும் ஊரில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் அவ்வூர்ப் பெயரே நோய்க்கும் ஆயிற்று. அதே குமாவூனில் முக்தேசுவரம் என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தார் 1940களில் அதற்குத் தடுப்பூசி கண்டனர். நம்மவர் பலர் இராணிக்கேத் என்பதை இராணிப்பேட்டை என்றெண்ணி, நோய் வட ஆர்க்காட்டிலிருந்து புறப்பட்டதாகவே சொல்லி வருகின்றனர். இராணிப்பேட்டையின்மீது இது பெரும்பழி. அங்கே 1932 முதல் இயங்குவது கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம். நோயை அனுப்பிய ஊரன்று, மருந்தை அனுப்பும் ஊர். பெங்களூரில் ஹெப்பாளத்து நிலையம் அதனினும் மூத்தது. 1925இல் மைசூர் அரசினர் மாட்டுக் கொள்ளைநோய்க்காக நிறுவியது.

பறவைக் காய்ச்சலோ வேறு வகையான அச்சம். 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் முதன்முதல் இந்தியாவில் தோன்றியது. 2012 அக்டோபரில் ஹெஸரகட்டாப் பண்ணைக்குள்ளேயே புகுந்து, அங்கிருந்த பறவைகளை அழிக்கும்படியாயிற்று. 2018 ஜனவரியில் நம் நகரத்துத் தாசரஹள்ளியில் கண்டனர். நோய் தோன்றிய இடத்தைச் சுற்றிக் குறித்த எல்லைக்குள் உள்ள கோழிகளை, நோயுற்றவையென்றும் அல்லாதவையென்றும் பாராமல் அழிக்க அரசினர்க்கு விதி உண்டு; இழப்பீடும் உண்டு. மனிதருக்கும் பரவும் ஆபத்து உண்டாகையால் அவ்விதியை நாம் குறை சொல்லவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் எங்கள் நான்கு வீட்டாரும் கூடிப் பேசினோம். விட்டுவிடலாம் என்றனர் இருவர். இறுதியில் கொல்லைக்கு மேலே வலை கட்டினோம். காகமும் புறாவும் தண்ணீர்த் தொட்டியில் இறங்காதபடி செய்தோம். கோழியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் பிள்ளைகள் வீட்டுக்குள் வரக்கூடாதென்றோம். இன்றுவரை அவ்விதி நடக்கிறது.

அண்டை வீட்டார் குறையும் ஒன்று இருந்தது. இரவுப் பணி முடித்து வைகறையில் படுக்கும் கார்டுகளும் டிரைவர்களும் நிறைந்த குடியிருப்பு இது. சேவல் நாலு மணிக்கே கூவினால் யார் பொறுப்பார்? சேவல் வெளிச்சத்தைக் கண்டு மட்டும் கூவுவதில்லை, அதன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று ஜப்பானிய அறிஞர் 2013இல் நிறுவினர். இருளில் அடைத்தாலும் பயனில்லை என்பது இதனால் விளங்கும். ஆகவே, தலையை நிமிர்த்திக் கழுத்தை நீட்ட இயலாத தாழ்ந்த பெட்டியில் வைக்கோல் பரப்பி, இரவில் மட்டும் அதில் இருத்துகிறோம். கூவல் நின்றுவிடவில்லை; பாதியாயிற்று. அந்தக் கார்டு அண்ணன் இப்போது வாரம் ஆறு முட்டை வாங்கிச் செல்கிறார்.

இப்பொழுது வந்திருப்பது வேறு இடர். ஓட்டுக் கூரையும் பின்கட்டும் முருங்கையும் உடைய பழைய வீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. எங்கள் வரிசையும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அடுத்த கோடைக்குள் காலி செய்யவேண்டும். புதிய வீட்டில் குழாயும் மின்தூக்கியும் உண்டு, மழையில் ஒழுகாது. பெண்டிர் மகிழ்ந்தே இருக்கின்றனர், நாமும் மகிழ்கிறோம். நான்காம் மாடியில் கோழி வளர்க்க இயலாது என்பது மட்டுமே குறை. கிராப்புக் கோழியையும் குஞ்சுகளையும் ஓசூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் ஏற்க இசைந்துள்ளார். கிரிராஜா அஜ்ஜியோடு கோலாருக்குச் செல்லும். எஞ்சியவை சேவலும் மூன்று லெகார்ன்களும்.

தடுப்பூசிக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்கு உரிய மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடவேண்டும். பதினொரு கோழிக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண். ஆதலின் ஆண்டுதோறும் குடியிருப்புகளில் கோழி வைத்திருப்போர் யாவரையும் ஒரே நாளில் கூட்டி வருகிறோம். இவ்வாண்டும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் வரிசையின் பின்கட்டில் ஊசி போடப்படும். எட்டு வாரம் நிரம்பிய கோழிகளைக் கூடையில் கொண்டு வருக, கால்களைக் கட்டவேண்டா. கொல்லையுள்ள வீட்டில் வாழ்வோர் எவரேனும் இந்நால்வரையும் ஏற்க விரும்பின் அன்று வந்து பார்க்கலாம். முட்டை வாரத்துக்கு மூன்று நான்குக்குமேல் எதிர்பார்க்க வேண்டா. மூன்று லெகார்ன்களையும் பிரிக்காமல் கொள்பவர்க்கே கொடுப்போம். இரவில் அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே உறங்குகின்றன.